மாற வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மகளிர் குழுக் கூட்டங்களிலும், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கான கிராமக் கூட்டங்களிலும் பேசப் போகும்போது, பேச்சு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஓரமாக வந்து நின்று கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே கொடுத்து, பதில்களை எழுதியிருக்கிறேன். யார் என்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். குடி, பீடி, சாப்பாடு, நடைப்பயிற்சி ஆகியவற்றைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள் என்பதால் எடுத்துக்காட்டுகளும் அவற்றையே சுற்றி வரும்.

"மனசு வெச்சா எதையும் செய்யலாம்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா மாறாதவங்க எல்லாம் மனசு வெக்காதவங்களா?"

இல்லை. மாறுவதற்கு விருப்பம் வேண்டும். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை வேண்டும். மாறுவதற்கு இடம்கொடுக்கும் சூழலும் வேண்டும். நாம் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ஒருவரைச் சோம்பேறி என்றோ மனஉறுதி இல்லாதவர் என்றோ சொல்லிவிடுகிறோம். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977இல் விரிவாக எழுதினார். விருப்பம் நிறைய இருந்தும் அந்த நம்பிக்கை இல்லாதவர் முயற்சியைத் தொடங்குவதே அரிது. தொடங்கினாலும் முதல் தடங்கலிலேயே கைவிட்டுவிடுவார்.

சூழலுக்கான சான்றை நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, அனுமதிக்கப்பட்ட அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்த ஊர்களில், பிள்ளைகளின் பல் பழுப்பேறுவதற்கும் பெரியவர்களின் மூட்டு இறுகுவதற்கும் தண்ணீரே காரணம் என்பது பலருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் அதே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார்கள், ஏனென்றால் வேறு தண்ணீர் கிடையாது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்து, காவிரித் தண்ணீர் குழாயில் வந்து சேர்ந்த ஊர்களில் யாருக்கும் மனஉறுதியைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

"மாறணும்ங்கிற எண்ணம் ஒரு நாள் திடீர்னு வருமா, கொஞ்சம் கொஞ்சமா வருமா?"

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் திடீரென்று வந்ததுபோலத் தெரியும். பேரன் பிறந்த அன்று பீடியைத் தூக்கிப் போட்டவரையும், மகளுக்கு வரன் பார்க்க வந்தவர்கள் "அப்பா குடிப்பாரா?" என்று பக்கத்து வீட்டில் விசாரித்ததாகக் கேள்விப்பட்ட மறுநாளே குடியை நிறுத்தியவரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தால், அந்த எண்ணம் பல ஆண்டுகளாக உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது தெரியவரும். அந்த நாள் அதற்கு ஒரு சாக்கு மட்டுமே.

தாமாகவே புகைப்பதை விட்டவர்களை ஆராய்ந்த ஜேம்ஸ் புரோசாஸ்கா, கார்லோ டிகிளெமெண்டே என்ற இருவரும் 1983இல் இதைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். மாற்றத்தைப் பற்றியே நினைக்காத நிலை, விடலாமா வேண்டாமா என்று ஊசலாடும் நிலை, செயலில் இறங்கும் நிலை, செய்ததைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலை என்று அது போகிறது. ஆயத்தம் செய்யும் நிலையும் பிற்பாடு இதில் சேர்ந்தது. எல்லோரும் இந்தப் படிகளை வரிசையாகவே ஏறுகிறார்கள் என்பதை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. இருந்தாலும் ஊசலாட்டத்துக்கு ஒரு பெயர் கொடுத்ததே பெரிய உதவி என்பது என் கருத்து. "விடணும்னுதான் இருக்குது, ஆனா…" என்று ஒருவர் இழுக்கும்போது 'ஆனா'வுக்கு முன்னால் சொன்னதும் உண்மை, பின்னால் வரப்போவதும் உண்மை. அவர் உங்களை ஏமாற்றவில்லை.

"டாக்டரம்மா 'இப்படியே போனா காலை எடுக்க வேண்டியதுதான்'னு பயமுறுத்துனாங்க. பயம் காட்டினா மாறிடுவாங்களா?"

பயத்துக்கு வேலை உண்டு, ஆனால் தனியாக விட்டால் அது அதிக தூரம் போகாது. 1965இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் ஊசியை வைத்து ஒரு சோதனை நடந்தது. நோயைப் பற்றிய அச்சமூட்டும் படங்களைப் பார்த்தவர்கள், சாதாரணத் துண்டறிக்கை படித்தவர்களைவிட அதிகமாக "ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்" என்று சொன்னார்கள். ஆனால் உண்மையில் போய்ப் போட்டுக்கொண்டவர்களைப் பிரித்துக் காட்டியது பயத்தின் அளவு அன்று. சுகாதார மையம் குறிக்கப்பட்ட வரைபடத்தைக் கொடுத்து, வாரத்தில் எந்த நேரத்தில் போகலாம் என்று யோசிக்கவும் சொல்லப்பட்டவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். அது இல்லாதவர்களில் போனவர்கள் 3 சதவீதம். பயமும் இல்லாமல் வரைபடத்தை மட்டும் நீட்டினாலும் பயனில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

ஆகவே "கால் போய்விடும்" என்று சொல்பவர், அதே மூச்சில் எந்தக் கிழமை, எந்த நிலையத்தில், யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது எந்த மிரட்டலைவிடவும் நல்ல வழி. பயத்தை மட்டும் நம்பினால் கிடைப்பது மயான வைராக்கியம். சுடுகாட்டில் நிற்கும் வரை இருக்கும், குளித்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் போய்விடும்.

"நாலு பேர் முன்னாடி நாக்கைப் புடுங்கற மாதிரி கேட்டாத்தான் ரோஷம் வரும்னு எங்க மாமா சொல்றாரு. சரிங்களா?"

ரோஷம் வந்து திருந்தியவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் அவர்களுடைய கதை மட்டும்தான் ஊரில் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. திருவிழாக் கூட்டத்தில் அவமானப்பட்டு, அதன்பின் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் வராமல் பெங்களூருக்கு வேலைக்குப் போனவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவமானப்பட்டவர் முதலில் செய்வது, அவமானப்படுத்தியவர்களை விட்டு விலகுவது. பிறகு தன்னை எதுவும் கேட்காதவர்களோடு போய்ச் சேருகிறார். அப்படிப்பட்டவர்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'நான் செய்தது தப்பு' என்று ஒருவர் உணர்வது ஒன்று. 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்று உணர்வது வேறொன்று. முதல் உணர்வு அதைச் சரிசெய்யத் தூண்டும். இரண்டாவது ஒளிந்துகொள்ளத் தூண்டும். நாலு பேர் முன்னால் திட்டும்போது நாம் பெரும்பாலும் இரண்டாவதையே ஊட்டுகிறோம்.

"எவ்வளவு சொல்லியும் கேக்க மாட்டேங்கறாரு. வேற எப்படித்தான் சொல்றது?"

சொல்வதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டிப் பாருங்கள். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர், குடிப்பவர்களோடு பேசிய அனுபவத்திலிருந்து 1983இல் ஒரு முறையை எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து 1991இல் அதை விரிவாக்கினார். அதன் அடிப்படை எளிது. ஊசலாட்டத்தில் இருப்பவருக்குள் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. நீங்கள் 'விட்டுவிடு' என்ற கட்சிக்காக வாதாடினால், அவர் மற்றக் கட்சியை எடுத்துக்கொள்வார், தன் வாயாலேயே விடாமல் இருப்பதற்கான காரணங்களை அடுக்குவார். தன் வாயால் சொன்னதை மனிதன் நம்பத் தொடங்குகிறான் என்பதால், ஒவ்வொரு வாக்குவாதத்துக்குப் பிறகும் அவர் இன்னும் கொஞ்சம் உறுதியாகிவிடுகிறார்.

பர்கூர் பக்கம் கிரானைட் லாரி ஓட்டும் ஒருவரிடம் நடந்த பேச்சைத் தருகிறேன். "பீடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கண்ணா" என்று கேட்டேன். "ஒரு நாலு வெச்சுக்குங்க" என்றார், அக்கறை இல்லாமல். "பூஜ்யம்னு சொல்லியிருக்கலாமே, ஏன் நாலுன்னு சொன்னீங்க?" என்றேன். கையில் இருந்த துண்டை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தார். "ராத்திரி நான் இருமறப்ப பேத்தி எழுந்து உக்காந்துக்குதுங்க. காலையில அது பள்ளிக்கூடம் போவோணுமில்ல" என்றார். அவருடைய மனைவி அருகில்தான் இருந்தார். இந்தக் காரணத்தை அவரும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாராம். "ஏன் பத்துன்னு சொல்லல?" என்று கேட்டிருந்தால் வண்டி ஓட்டும் தூக்கக் கலக்கம், கூட ஓட்டுபவர்கள், பழக்கம் என்று வேறொரு பட்டியல் வந்திருக்கும். கேள்வியின் திசை பதிலின் திசையைத் தீர்மானிக்கிறது.

"பத்தாவதுல நல்ல மார்க் எடுத்தா வண்டி வாங்கித் தர்றேன்னு பையனுக்குச் சொல்லியிருக்கேன். காசு, பரிசுன்னு ஆசை காட்டினா வேலை ஆகுமா?"

எதற்குக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1971இல் எட்வர்ட் டெசி செய்த சோதனையில், புதிர்க் கட்டைகளை விருப்பத்தோடு அடுக்கிக்கொண்டிருந்த மாணவர்களுக்குப் பணம் கொடுத்து, பிறகு நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. தானாக இருந்த ஆசை கூலி வேலையாகிவிட்டது. மறுபுறம், யாருக்கும் தானாக ஆசை வராத காரியங்களுக்குப் பணம் கைகொடுப்பதும் உண்டு. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க நிறுவனம் ஒன்றின் 878 ஊழியர்களில் பாதிப்பேருக்குப் புகைப்பதை விட்டால் 750 டாலர் வரை தருவதாகச் சொல்லப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து அந்தப் பிரிவில் சுமார் 15 சதவீதத்தினர் விட்டிருந்தார்கள். மற்றப் பிரிவில் 5 சதவீதம். நல்ல வேறுபாடுதான், ஆனால் அவ்வளவு பணம் காட்டியும் நூற்றுக்கு 85 பேர் விடவில்லை என்பதையும் பாருங்கள்.

பையனைப் பொறுத்தவரை, படிப்பில் அவனுக்கு ஏதாவது ஒரு பாடமாவது பிடித்திருந்தால் அந்தப் பாடத்துக்கு விலை பேசாதீர்கள். டெசியும் ரிச்சர்ட் ரயனும் பிற்காலத்தில் எழுதியதன்படி, தானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வும், இது எனக்கு வருகிறது என்ற உணர்வும், எனக்கு வேண்டியவர்கள் கூட இருக்கிறார்கள் என்ற உணர்வும் கிடைக்கும் இடத்தில்தான் உந்துதல் நிலைக்கிறது. பத்தாவது படிப்பவனுக்குக் கியர் வண்டி ஓட்ட உரிமம் கிடைக்காது என்பது தனிக் கதை.

"மாலை போட்டா ஒரு மண்டலம் ஒரு சொட்டு தொடறதில்ல. மாலையைக் கழட்டுன அன்னிக்கே கடைக்குப் போயிடறாரு. அப்ப இத்தனை நாள் இருந்த வைராக்கியம் எங்க போச்சு?"

இந்த இரு மாவட்டங்களிலும் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் மனைவி. குரலில் கோபத்தைவிட ஏமாற்றமே அதிகம் இருக்கும். இதற்கு விடை காண, மாலை போட்ட நாட்களில் அவரைச் சுற்றி என்னவெல்லாம் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். கார்த்திகை முதல் தேதி விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். துளசிமணி மாலையும் கறுப்பு வேட்டியுமாக வெளியே வந்ததும் பெற்ற பிள்ளையே அவரை "சாமி" என்று கூப்பிடுகிறது. மனைவி தனிப் பாத்திரத்தில் சமைக்கிறார். மாலை நேரம், அதாவது வழக்கமாகக் கை அரிக்கும் நேரம், பஜனையில் போகிறது. கூடக் குடிப்பவர்களே "சாமிக்கு வேண்டாம்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை, ஏன் வேண்டாம் என்று விளக்கம் கேட்பதுமில்லை. விதி தெளிவானது: 'கொஞ்சமாக' என்ற பேச்சுக்கே இடமில்லை. தவறினால் குருசாமி முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணமும் இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன விருப்பம், நம்பிக்கை, சூழல் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் வந்து சேருகின்றன.

மாலையைக் கழற்றும்போது அவை ஒரே நாளில் போகின்றன. பெயர் பழைய பெயராகிறது, மாலை நேரம் காலியாகிறது, நண்பர்கள் திரும்புகிறார்கள். கூடவே, இது குறிப்பிட்ட நாள் வரைக்குமான விரதம் என்பது தொடக்கத்திலேயே பேசி முடிவானது. அவர் எந்த வாக்கையும் மீறவில்லை; ஒப்புக்கொண்ட காலத்தை முடித்துக் கொடுத்திருக்கிறார். ஆகவே வைராக்கியம் எங்கும் போகவில்லை, அதைத் தாங்கிப் பிடித்த ஏற்பாடுகள்தான் போய்விட்டன.

என்ன செய்யலாம்? மலைக்குப் புறப்படும் முன்பே, திரும்பி வந்த பிறகு மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை எங்கே இருப்பது என்று அவரோடு பேசி வையுங்கள். சில ஊர்களில் மாலை போட்ட குழுவே வாரத்தில் ஒரு நாள் பஜனையைத் தொடர்ந்து நடத்துகிறது. அவரை அதில் ஏதாவது ஒரு பொறுப்பில் உட்கார வைக்க முடியுமா என்று குருசாமியிடம் கேட்கலாம். "போன மாசம் முழுக்க இருந்தீங்களே" என்பதைக் குத்திக்காட்டலாகச் சொல்லாமல், அவரால் முடியும் என்பதற்கான சாட்சியாகச் சொல்லுங்கள். சொற்கள் ஒன்றேதான், தொனியில்தான் எல்லாம் இருக்கிறது.

"கோயில்ல கயிறு கட்டினா போதுங்களா, ஆஸ்பத்திரிக்கும் போகணுங்களா?"

குடியை விடுவதற்காகக் கோயிலில் கயிறு கட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். மாலையைப் பற்றிச் சொன்னவற்றில் பாதி கயிற்றுக்கும் பொருந்தும். ஆனால் தினமும் அதிகமாகக் குடிப்பவர், குறிப்பாகக் காலையில் எழுந்ததும் கை நடுங்குபவர், திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, இடம் பொழுது தெரியாமல் பேசுவது போன்ற குழப்பம் வரலாம். இதைச் சாமி குற்றம், காத்துக் கருப்பு என்று நினைத்து வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதலில் காட்டி, தேவையானால் சில நாட்கள் உள்நோயாளியாக இருந்து மருந்தோடு நிறுத்திவிட்டு, பிறகு கயிறு கட்டிக்கொள்ளலாம். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் டெலி மானஸ் எனப்படும் அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். புகையிலைக்குத் தனியாக 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

"இருபத்தோரு நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு வாட்ஸ்அப்ல வருதே, உண்மையா?"

இல்லை. 1960இல் ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக்கப்படக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். 'குறைந்தது' என்பது வழியில் உதிர்ந்துவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக்கமாகச் சராசரியாக 66 நாட்கள் ஆனதாகக் கணக்கிடப்பட்டது. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கெடுதல் எதுவும் ஏற்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? எனக்கு ஐம்பத்தெட்டு ஆச்சுங்க."

பீடி, சிகரெட்டைப் பற்றியானால் நேரடியான விடை இருக்கிறது. பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவினரின் ஆய்வின்படி, விடாமல் புகைத்தவர்களோடு ஒப்பிட்டால் 60 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகளும், 50இல் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகளும் ஆயுள் கூடியது. உங்களுக்கு இடையில் ஏதோ ஒரு கணக்கு வரும்.

சாப்பாட்டைப் பற்றியானால், இத்தனை வருடப் பழக்கத்தை ஒரேயடியாகத் திருப்பிப் போட வேண்டியதில்லை. "களி சாப்பிட்டா சர்க்கரை ஏறாதுன்னு சொன்னாங்களே" என்று காரிமங்கலம் பக்கத்தில் ஓர் அம்மா கேட்டார். ராகியிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது. இரண்டு பெரிய உருண்டையை வெறும் குழம்பில் தொட்டு விழுங்கினால் நிச்சயம் ஏறும். களியை விடும்படி சொல்லியிருந்தால் அவர் மறுமுறை கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டார். உருண்டையை ஒன்றாக்கி, கீரைக் கடைசலைத் தட்டில் பாதிக்கு நிரப்பிக்கொண்டார். பிடித்ததைப் பிடுங்காத மாற்றம் ஐம்பதிலும் வளையும்.

"எனக்கே நடக்கப் போகணும்னு ஆசைதான். ரெண்டு நாள் போறேன், மூணாவது நாள் விட்டுப்போவுது. என்ன பண்றது?"

'நாளையிலிருந்து நடக்க வேண்டும்' என்பதில் எப்போது, எங்கே என்பது இல்லை. யேல் மாணவர்களுக்குக் கொடுத்த வரைபடத்தை இங்கே உங்களுக்கு நீங்களே வரைந்துகொள்ள வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஆய்வாளர் 1999இல் இதை 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்ற வடிவில் விளக்கினார். "சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் கேனைக் கழுவி வைத்ததும், வீட்டுக்குள் போகாமல் ஏரிக்கரை வரை நடந்து திரும்புவேன்" என்று முடிவு செய்தால், பால் கேன் தானாக நினைவூட்டிவிடும். மழை பெய்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

தை முதல் நாள், ஆடிப்பெருக்கு, பிறந்தநாள் என்று ஒரு நல்ல நாள் பார்த்துத் தொடங்குவதில் தவறில்லை. புதிய தொடக்கம் போலத் தோன்றும் நாட்களில் மக்கள் இப்படிப்பட்ட முயற்சிகளில் அதிகம் இறங்குவதை 2014இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது. ஆனால் ஆடி பதினெட்டுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்றால் அது தள்ளிப்போடுவதற்கான சாக்கு.

"தனியா முயற்சி பண்றது நல்லதா, கூட்டமா பண்றது நல்லதா?"

பெரும்பாலானவர்களுக்குக் கூட்டம்தான் உதவுகிறது, இதை நம் மாவட்டத்துக்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டன. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரியோடு சேர்ந்திருந்தது; 2004இல்தான் பிரிந்தது. கையில் காசே தங்காது என்று தங்களைப் பற்றியே நினைத்திருந்த பெண்கள் வாரம் தவறாமல் சேமித்தார்கள்.

குழுக் கூட்டத்தில் பதிவேடு வாசிக்கப்படும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். பெயர் சொன்னதும் எழுந்து வந்து பணத்தைப் பாயின் நடுவில் வைக்க வேண்டும். எழுதுபவர் தொகையைச் சத்தமாகச் சொல்லி எழுதுவார். வைத்தவர் கையெழுத்துப் போடுவார். அந்த வாரம் இல்லாதவர் "அடுத்த வாரம் சேர்த்து வெக்கிறேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். யாரும் திட்டுவதில்லை, ஆனால் யாரும் கவனிக்காமலும் இல்லை. மாமா சொன்ன ரோஷத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே எல்லோரும் ஒரே பதிவேட்டில் இருக்கிறார்கள் என்பது. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பும் இதே அடிப்படையில்தான் நடக்கிறது: விட்டவரும் விட நினைப்பவரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். கூட்டத்தில் பேசக் கூச்சப்படுபவர்கள் ஒரே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் போதும்.

"ஆறு மாசம் இருந்தேன். ஒரு கல்யாண வீட்டுல தப்பிப்போச்சு. இனி என்னால ஆகாதுங்க."

நடந்தது ஒரு நாள் சறுக்கல். அதைவிடப் பெரிய ஆபத்து, அதற்கு நீங்கள் கொடுக்கும் விளக்கத்தில் இருக்கிறது. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980களில் இதை நன்றாக விளக்கினார். ஒருமுறை தவறியவர் 'நான் இப்படிப்பட்டவன்தான்' என்று எடுத்துக்கொண்டால், குற்ற உணர்வை மறக்கவே அடுத்த முறை குடிக்கிறார். 'அந்த இடத்தில் இது நடந்தது' என்று எடுத்துக்கொண்டால், அந்த இடத்தைச் சரிசெய்கிறார். கல்யாண வீட்டில் யாரோடு, எத்தனை மணிக்கு, எந்த மனநிலையில் இருந்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அடுத்த கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு மட்டும் போய்விட்டு வரலாம். ஆறு மாதம் அழிந்துவிடவில்லை. 21 நாள் கேள்வியில் சொன்னபடி, இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் எல்லாம் முதலிலிருந்து தொடங்குவதில்லை. நிறுத்தி மறுபடி பல நாட்கள் தொடர்ந்து குடித்துவிட்டீர்களானால் மட்டும், மீண்டும் நிறுத்தும் முன் மருத்துவரைப் பாருங்கள். காரணம் கயிறு பற்றிய பதிலில் இருக்கிறது.

"பையன் ஊருக்கு வந்தா தங்கமா இருக்கான். ஓசூர்ல ரூமுக்குப் போனா குடிக்கிறான். எது அவனோட உண்மையான குணம்?"

இரண்டும்தான். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்கள் 1971இல் நாடு திரும்பியபோது, அரசு பெரும் அச்சத்தில் இருந்தது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அங்கே அடிமையாகியிருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே. ஹெராயின் கிடைத்த இடமும், கூட இருந்தவர்களும், அன்றாடமும் மாறியிருந்தன.

உங்கள் மகனுக்கு இது தலைகீழாக நடக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்தால் பேச ஆள் இல்லாத அறை, சனிக்கிழமைச் சம்பளம், அறையில் இருக்கும் மற்றவர்கள். குணத்தைத் தோண்டிக்கொண்டிருப்பதைவிட அறையை மாற்றுவது எளிது. குடிக்காத ஒருவரோடு தங்குவதும், சம்பளம் வரும் அன்றே ஒரு பகுதி தானாக வேறு கணக்குக்குப் போகும்படி செய்வதும் பெரிய அறிவுரைகளைவிட அதிகம் உதவும். ஆனால் அறையை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள். வண்டி பற்றிய கேள்விக்குச் சொன்னதுபோல, தேர்ந்தெடுத்தது அவனாக இருக்க வேண்டும்.

"எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். அவரு மாறவே மாட்டாருன்னா நான் என்ன பண்றது?"

அவரை மாற்றும் பொறுப்பு உங்களுடையது என்று யார் சொன்னாலும் அதை ஏற்க வேண்டாம். ஆனால் உங்கள் பக்கம் மாற்றக்கூடியவை சில இருக்கின்றன. ராபர்ட் மேயர்ஸ் என்பவர் உருவாக்கிய பயிற்சி, குடிப்பவருக்கு அன்றி அவருடைய குடும்பத்தாருக்குத் தரப்படுகிறது: குடிக்காத நேரத்தில் அன்பாக இருப்பது, குடித்திருக்கும்போது பேச்சைத் தொடங்காமல் விலகுவது, குடியின் விளைவுகளை அவருக்காக மூடி மறைக்காமல் இருப்பது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தில் குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தார். குடும்பமே கூடி நேருக்கு நேர் வற்புறுத்தும் முறையில் அது 30 சதவீதமாக இருந்தது.

நம் வீடுகளில் மூடி மறைப்பது என்பது பெரும்பாலும் இப்படி நடக்கிறது: வேலைக்குப் போகாத அன்று மேஸ்திரிக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்வது, கடையில் வைத்த கடனைக் குழுவில் கடன் வாங்கி அடைப்பது. முதலாவதை நிறுத்துங்கள், போனை அவரிடமே கொடுத்துவிடலாம். இரண்டாவதைக் கட்டாயம் நிறுத்துங்கள். குழுக் கடன் உங்கள் பெயரில் இருக்கிறது. சண்டை போட்டு நிறுத்த வேண்டியதில்லை, அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் மேலே சொன்ன எதையும் தனியாக முயல வேண்டாம். அங்கே முதல் வேலை உங்கள் பாதுகாப்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும்தான். பெண்களுக்கான உதவி எண் 181 இரவும் பகலும் இயங்குகிறது. பிறந்த வீட்டு எண்ணையும் அந்த எண்ணையும் பிள்ளைகளுக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.